குலுக்கல் போடும்போது பக்கத்து வீட்டையும் சேர்த்துப் போடுங்கள்

வீடு ஒதுக்கும் வாரிய அதிகாரிகளுக்கும் மாநகராட்சிச் சுகாதாரத் துறைக்கும்,

வணக்கம். வடசென்னையின் கால்வாய்க்கரைக் குடிசைகளை எடுத்துவிட்டு, 25 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பெரும்பாக்கத்தின் எட்டு மாடிகளில் வீடு கொடுக்கிறீர்கள். உள்ளேயே கழிப்பறை, மேலே காங்கிரீட். நல்லதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் யாருக்கு எந்த வீடு என்று குலுக்கல் போட்டுக் கொடுப்பதில், ஒரே தெருக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் கலைந்துபோகிறார்கள். அது உடம்பைப் பாதிக்கிற விஷயம்.

எங்கள் பக்கம் ராத்திரியில் நெஞ்சுவலி என்றால் எதிர் வீட்டு ஆட்டோதான் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு ஓடும். காசநோய் மாத்திரையை ஆறு மாதம் போட வேண்டும். இருமல் குறைந்ததுமே விட்டுவிடத் தோன்றும். அப்போது "இன்னிக்குப் போட்டியா?" என்று அதட்டுவது பக்கத்து வீட்டு அக்கா. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து மக்கள் ஒருவரை ஒருவர் எழுப்பிக்கொண்டுதான் வெளியே ஓடினார்கள்.

இது வெறும் பாசப் பேச்சு இல்லை. அமெரிக்காவின் அலமீடா மாவட்டத்தில் ஏறக்குறைய 7,000 பேரை ஒன்பது ஆண்டுகள் கவனித்து, பெர்க்மன், சைம் என்ற இருவர் 1979இல் எழுதினார்கள்: உறவும் நட்பும் மிகக் குறைந்தவர்கள் அந்தக் காலத்தில் சாகும் வாய்ப்பு, அவை மிக அதிகம் உள்ளவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

எங்கள் அக்கம்பக்கத்து உறவிலும் ஓட்டை உண்டு. கஞ்சி வைத்துக் கொடுக்க, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, ஐந்நூறு ரூபாய் கைமாற்று தர ஆள் இருக்கிறது. டாக்டருக்கு போன் போட்டு "நம்மாளு வர்றார், கொஞ்சம் பாருங்க" என்று சொல்ல ஆள் இல்லை. வசதியான அண்ணா நகரில் அந்த ஆள் பல குடும்பங்களுக்குள்ளேயே இருப்பார். வடசென்னைக்காரன் மட்டும் நோய் முற்றிய பிறகு வருகிறான் என்று அப்புறம் குறைப்படாதீர்கள்.

அதனால் கேட்கிறோம். ஒரே தெருக்காரர்களுக்கு ஒரே பிளாக் கொடுங்கள். தனியாக இருக்கும் முதியவருக்குக் கீழ்த்தளமும், அடுத்த கதவில் பழைய பக்கத்து வீட்டுக்காரரும் கிடைக்கட்டும். காசநோய், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களின் பட்டியல், சாமான் ஏற்றும் லாரிக்கு முன்னால் புது ஊர் சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேரட்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் பெண்ணை அந்தத் தெருவிலிருந்தே எடுங்கள். பெரிய மருத்துவமனைகளில் சீட்டு வாங்குவதிலிருந்து ஸ்கேன் வரை கூட வர ஒருவரை வையுங்கள்.

எந்த வீட்டுக்கு எந்த வீடு துணை என்ற பட்டியலை மகளிர் குழுவிடம் கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எழுதித் தந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு குடியிருப்புவாசி