நூலக வேலையை எங்களுக்கே திருப்பிக் கொடுங்கள்

மதிப்புக்குரிய முதல்வர் அய்யாவுக்கும் கல்லூரி நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

சுற்றறிக்கை நீங்கள் போட்டதுதான், விளக்க வேண்டியதில்லை. நூலகத்தில் தினம் 2 மணி நேரம் வேலை பார்த்த மாணவர்களை நிறுத்திவிட்டீர்கள். படிப்பு கெடுகிறதாம்.

ஒரு நாள் வேதியியல் படிக்கும் தங்கை ஒருத்தி கரிம வேதியியல் புத்தகம் கேட்டு வந்தாள். பதிவேட்டில் இருக்கிறது, அடுக்கில் இல்லை. நூலகர் அம்மா என்னைப் பார்த்து, "எங்கே போயிருக்கும்னு யோசி" என்றார். பாடத்துக்கு ஒரு எண் கொடுத்துப் புத்தகங்களை அடுக்கும் டியூயி வரிசையில் அதன் எண் 547. அவசரத்தில் அடுக்கியவர் எப்படித் தப்பாகப் படித்திருப்பார்? 574-க்குப் போனேன். எங்கள் பழைய அடுக்குகளில் அது உயிரியல். இரண்டு தடிப் புத்தகங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு இருந்தது.

அப்புறம் ஆய்வகத்தில் ஊசல் சோதனை. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டிய இடத்தில் 10.8 வந்தது. முன்பென்றால் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதியிருப்பேன். அன்று, தப்பு எங்கே நுழைந்தது என்று தேடினேன். ஊசலின் அலைவுகளைப் பூஜ்யத்தில் தொடங்காமல் ஒன்றில் தொடங்கி எண்ணியிருக்கிறேன். 20 அலைவு என்று எழுதியது உண்மையில் 19. அப்படித் தேடும் பழக்கம் எனக்கு நூலக அடுக்குகளில் வந்தது. இதுவா அய்யா படிப்பைக் கெடுப்பது?

இப்போது மாலையில் வேலூர் பஜாரில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். உட்காரக்கூடாது. 10 மணிக்குக் கடை அடைத்து, பஸ் பிடித்து, குடியாத்தம் வீட்டுக்குப் போகும்போது பதினொன்றரை தாண்டிவிடும். எனக்காகவே அம்மா பீடி சுற்றியபடி விழித்திருப்பார். காலையில் முதல் வகுப்பில் கண் சொருகுகிறது. வேலை செய்யாமல் எங்களால் படிக்க முடியாது. அந்த வேலை எங்கே என்பதுதான் கேள்வி. நூலக வேலையைத் திருப்பிக் கொடுங்கள்.

சிந்தனைத் திறன் பயிற்சி என்று வெளியாட்களை அழைத்து, கட்டணமும் வாங்கி, நாலு விடையில் ஒன்றுக்கு டிக் அடிக்க வைக்கிறீர்கள். வருடாவருடம் ஆகஸ்ட் 12-இல் எஸ்.ஆர். ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுகிறோம். கணித ஆசிரியராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வேலையில் இறங்கிய பிறகுதான் உலகமே படிக்கும் நூலக விதிகளை யோசித்தார். அவர் படத்துக்குக் கீழே எங்களுக்கு இடமில்லை என்றால் மனசு கொதிக்கிறது.

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் மன்னிக்கவும். இப்போது அங்கே இருக்கும் ஒப்பந்தப் பணியாளர்களின் பிழைப்பில் கை வைக்கச் சொல்லவில்லை. மாலை 3 முதல் 5 வரை மட்டும் அந்த வேலையை மாணவர்களுக்குத் தாருங்கள். தேர்வு வாரங்களில் விடுப்புக் கொடுங்கள். அடுத்த பருவம் தொடங்குவதற்குள் பதில் சொன்னால் துணிக்கடையில் முன்கூட்டியே சொல்லிக்கொள்வேன்.

பணிவுடன்,
மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்