நன்னீர் ஜெல்லிமீன் இருக்கும் குட்டையில் பிளீச்சிங் பவுடர் கொட்டுவதைத் தடுக்கக் கோரி மனு

அனுப்புநர்:
ஆடு வளர்க்கும் விவசாயி,
ஏற்காடு மலையடிவாரம், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சேலம்.

பொருள்: கல்குவாரிக் குட்டையில் பிளீச்சிங் பவுடர் கொட்டுவதை நிறுத்தி, மீன்வளத்துறை மூலம் ஆய்வு செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊரை ஒட்டி, வேலை நின்றுபோன கல்குவாரி ஒன்றில் மழைத்தண்ணீர் தேங்கிக் குட்டையாகக் கிடக்கிறது. ஊர் ஆடு மாடுகளுக்கு அதுதான் தண்ணீர். போன வாரம் உச்சி வெயிலில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போனபோது, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஏதோ மிதந்தன. ஒன்றைச் செம்பில் மொண்டு பார்த்தேன். நுங்குச் சுளை போல ஒரு குட்டிக் குடை, விளிம்பு முழுக்க மயிரிழைகள். சுருங்கிச் சுருங்கி மேலே ஏறுகிறது. அப்புறம் அசையாமல் விரிந்தபடி கீழே இறங்குகிறது.

விஷயம் பரவியதும், 'கடல் சொறிமீன் வந்துவிட்டது, கொட்டினால் உயிர் போகும்' என்று பேச்சாகிவிட்டது. மலையடிவாரத்துக்குக் கடல் மீன் எந்த வழியாக வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிளீச்சிங் பவுடர் மூட்டைக்கு மட்டும் சிலர் சொல்லிவிட்டார்கள்.

என் மகள் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். இது நன்னீர் ஜெல்லிமீனாக இருக்கும் என்கிறாள். சீனாவின் யாங்சி ஆற்றுப் பக்கத்து கிராஸ்பெடகஸ்டா சோவர்பி என்ற வகை, 1880இல் லண்டன் ரீஜென்ட் பூங்காவின் அல்லித் தொட்டியில் கண்டறியப்பட்டதாம். இன்று பல நாடுகளில் ஏரி, குளம், பழைய கல்குவாரிகளில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் லிம்னோக்நிடா இண்டிகா என்று நம் நாட்டு வகையும் உண்டு. எங்கள் குட்டையில் இருப்பது எது என்பதைத் துறையினர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கொட்டுமா என்றால், கொட்டும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் தண்ணீர்ப் பூச்சிகளை. அந்த இழைகளுக்குப் பொதுவாக மனிதத் தோலைத் துளைக்கும் வலு கிடையாது. செம்புக்குள் விரலை விட்டேன், ஒன்றும் தெரியவில்லை. வருடத்தில் பெரும்பகுதி ஒரு மில்லிமீட்டர் அளவில் கல்லில் ஒட்டிக் கிடந்து, தண்ணீர் சூடேறும் காலத்தில்தான் குடையாகப் பிரிந்து நீந்துமாம். சில வாரங்களில் தானாகவே மறைந்துவிடும்.

பவுடர் கொட்டினால் கெண்டைகள் செத்து மிதக்கும், ஆடுகளுக்குத் தண்ணீர் இல்லாமல் போகும். ஆகவே அதை உடனே நிறுத்தி, இவை மறைவதற்குள் மீன்வளத்துறையிலிருந்து ஒருவரை அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சரி, பயப்பட வேண்டியது ஒன்று அங்கே இருக்கிறது என்றால், அது செங்குத்துப் பாறையும் ஆழமும்தான். அதற்கு ஒரு வேலி போட்டுக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

அலுவலர் எந்த நாள் வந்தாலும் கூடவே வந்து இடத்தைக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)