எடைக்குப் போகும் ஏற்காட்டு வரலாறு

ஆசிரியர் அவர்களுக்கு,

கானாவில் பிறந்த சிற்பி எல் அனாட்சுய், மதுப் புட்டிகளின் மூடிகளைத் தட்டி, செம்புக் கம்பியால் கோத்து, சுவரை நிறைக்கும் திரைகளாக்குகிறார். ஐரோப்பியர் மதுவைக் கொடுத்து ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக வாங்கிய கதை அந்த மூடிகளில் இருக்கிறது.

ஏற்காடு இருக்கும் நம் சேர்வராயன் மலையிலும் சொல்லக் கதை உண்டு. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். காடு தோட்டமானது, மலையாளிப் பழங்குடியினர் பலர் சொந்த மலையிலேயே கூலியாட்களானார்கள்.

அண்மையில் பழைய இரும்புக் கடை ஒன்றில், காபிப் பழத்தின் தோலுரிக்கும் கைச்சக்கர இயந்திரம் கிடந்தது. செப்புத் தகட்டை உரித்தெடுத்துவிட்டார்கள். கைப்பிடி மட்டும் எத்தனையோ கைகள் பட்டு வழவழவென்று இருந்தது. மனம் பொறுக்கவில்லை.

இப்படி எடைக்குப் போகும் பழைய காபித் தோட்டக் கருவிகளை அரசே வாங்கி, ஏற்காடு கோடை விழாவில் சிற்பங்களாக நிறுத்த வேண்டும். மலர் உருவங்கள் சில நாளில் வாடிவிடும், இவை நிற்கும். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரி மாணவர்களோடு மலைக்கிராம இளைஞர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கதையைச் சொல்வது என்பதை மலைக்கிராமத்தாரே முடிவு செய்யட்டும்.

- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்