வெள்ளிக்கிழமை செய்முறை வகுப்பு

நான்காம் வகுப்புப் பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்த வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் செய்முறைதான். தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்டியூப் துண்டுகளில் செருகி முக்கோணம், சதுரம், அப்புறம் ஒரு குட்டி வீடு செய்யப் போகிறோம். சதுரத்தின் மூலையை அமுக்கினால் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. செல்போன் டவரில் ஏன் இத்தனை முக்கோணம் என்று பிள்ளைகளே வந்து சொல்வார்கள். இது என் யோசனை இல்லை. எளிய பொருட்களில் பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தா 1970களின் கடைசியில் மத்தியப் பிரதேசத்தில் பள்ளி அறிவியல் திட்டத்தோடு வேலை செய்தபோது உருவாக்கியது.

குச்சியும் டியூபும் நான் வாங்கிவிட்டேன். மருந்தை எடுத்துவிட்டுத்தான் கையில் கொடுப்பேன், பயம் வேண்டாம். சுவருக்கும் கூரைக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை இரண்டு, முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்று கொடுத்து அனுப்புங்கள். வண்ணமும் அடிப்பார்கள், அதனால் மேலே போட்டுக்கொள்ள ஒரு பழைய சட்டை.

ஒரு வேண்டுகோள்: வீட்டிலேயே செய்து அனுப்ப வேண்டாம். போன மாதம் காகிதப் பாலத்துக்கு மூன்று அப்பாக்கள் பிரமாதமாகச் செய்து கொடுத்திருந்தார்கள். ஆனால் வகுப்பில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தது வேறொன்றை. ஒரு ரப்பரையே தாங்காமல் தொய்ந்த தாளை, ஒரு பெண் விசிறி மாதிரி மடித்து வைத்தாள். ஜியாமெட்ரி பாக்ஸையே தாங்கியது!

கத்தரிக்கோலில் பெயர் எழுதிவிடுங்கள். போன தடவை வந்ததில் நான்கு இன்னும் என் மேசையில்தான் கிடக்கின்றன.