மூன்று மாத வேலைக்கு மூன்று நாள் சோதனையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் மென்பொருள் செய்யும் சிறிய நிறுவனங்கள் கூடிவருவது மகிழ்ச்சி. ஆனால் நாம் வேலை செய்யும் முறை மாறத்தான் வேண்டும், இதை அந்தத் துறையில் இருந்துகொண்டே எழுதுகிறேன்.

சென்ற வருடம் ஒரு மருந்துக் கடைக்கு பில் போடும் மென்பொருள் செய்தோம். பலசரக்குக் கடை ஒன்றுக்கு முன்னர் செய்ததை எடுத்து மாற்றினோம். முதல் கிழமை முதலாளி சொன்னதை எழுதிக்கொண்டு வந்து, மூன்று மாதம் அந்தப் பக்கமே போகாமல் வேலை செய்து, கடைசி மூன்று நாளில் சோதித்துக் கொடுத்துவிட்டோம். முதல் நாளே இருப்புக் கணக்கு பிழைத்தது. எங்கள் கடைகளில் குளிசையை முழு அட்டையாகவும் கொடுப்பார்கள், நாலு ஐந்தாக வெட்டியும் கொடுப்பார்கள், மென்பொருளிலோ அட்டைக் கணக்கு மட்டும்தான் இருந்தது. அங்கே பில் போடும் தங்கச்சிக்கு இரண்டாம் கிழமை ஒரு திரையைக் காட்டியிருந்தால் உடனே சொல்லியிருப்பார். பிறகு தரவுத்தளத்திலிருந்து எல்லாவற்றையும் மாற்ற ஆறு கிழமை போனது.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ரொக்கெட் புறப்பட்டு 40 வினாடியளவில் சிதறியதும் இப்படித்தான். ஏரியன் 4இன் நிரலை எடுத்தார்கள், புதிய ரொக்கெட்டின் பாதைக்கு அது தாங்குமா என்று சோதிக்கவில்லை.

ஒரு கட்டத்தை முடித்துத்தான் அடுத்ததற்குப் போவது, சோதனை கடைசியில் என்று படிப்படியாக இறங்கும் ‘வோட்டர்ஃபோல்’ முறைக்கு, அமெரிக்க மென்பொருள் நிபுணர் வின்ஸ்டன் ரோய்ஸ் 1970இல் எழுதிய கட்டுரையைத்தான் காட்டுவார்கள். சோதனையைக் கடைசிக்கு விட்டால் தோல்வி வரும் என்று அதே கட்டுரையில் அவர் எச்சரித்திருக்கிறார், புதிய வேலை என்றால் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு இரண்டாவதைக் கொடுங்கள் என்றும் சொல்கிறார். அதை யார் வாசிக்கிறோம்? சிறிது சிறிதாகச் செய்து, பாவிப்பவருக்கு அடிக்கடி காட்டித் திருத்த வேண்டும் என்று 2001இல் மென்பொருள் துறையினர் 17 பேர் கூடி எழுதிய ‘அஜைல்’ கொள்கையும் இங்கே காலையில் பத்து நிமிடம் நின்று கதைப்பதோடு முடிந்துவிடுகிறது.

நிறுவனம் நடத்துபவர்களிடம் கேட்பது, திகதி நெருங்கியதும் சோதனை நாட்களில் கை வைக்காதீர்கள். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் வாசிக்காமல் வெளியே விடாதீர்கள். செய்விக்கும் முதலாளிமாரும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, உண்மையில் அதைப் பாவிக்கப்போகும் ஊழியரை அரை மணித்தியாலம் எங்களோடு இருக்க விடுங்கள்.

இப்போது ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு இப்படித்தான் செய்கிறோம். போன முறை காசாளர் அக்கா மூன்று பிழை காட்டினார், பின்னேரத்துக்குள் திருத்திவிட்டோம்.

மென்பொருள் பொறியியலாளர் ஒருவர்,
கோண்டாவில்.