நிக்கோபாருக்கு ஒரு பாய்க்கப்பல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காற்றின் துணையோடு ஓடும் சரக்குக் கப்பல்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாலாற்றில் தண்ணீர் வந்தாலே கூட்டமாகப் போய் வேடிக்கை பார்க்கும் ஊர்க்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்க வேண்டாம். எங்கள் குடும்பத்தின் ஒரு கிளை கடலுக்கு நடுவில் இருக்கிறது.

கணியம்பாடிப் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் அதிகம். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வோம். 1969 முதல் மத்திய அரசு முன்னாள் ராணுவத்தினருக்கு நிலம் கொடுத்துப் பெரிய நிக்கோபார் தீவில் குடியேற்றியது. பஞ்சாப், மகாராஷ்டிரக் குடும்பங்களோடு தமிழ்க் குடும்பங்களும் போயின. அப்படி அந்தத் தீவின் ஊரான கேம்பல் பேவுக்குப் போனவர்களில் ஒருவர் என் பெரியப்பா.

அவருடைய கடிதங்கள் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்குவதில்லை. 'கப்பல் வந்தது' என்றோ 'கப்பல் இன்னும் வரவில்லை' என்றோதான் முதல் வரி இருக்கும். தோப்பு நிறையத் தேங்காய், சமையலுக்கு வெங்காயம் இல்லை என்பார். ஒருமுறை கேழ்வரகு மாவு கேட்டிருந்தார். களி தின்று வளர்ந்த நாக்கு. நான் அப்போதுதான் அஞ்சல் வேலையில் சேர்ந்திருந்தேன். என் கையாலேயே முத்திரை குத்தி அனுப்பினேன். கப்பல் கிடைக்காமல் வழியில் கிடந்து அது போய்ச் சேர்ந்தபோது, மாவைவிட வண்டு அதிகமாக இருந்ததாம்.

பெரியப்பா இப்போது இல்லை. அவர் மகன், என் அண்ணன், அங்கேயே இருக்கிறார். 2020இல் கடலடி வடம் போட்ட பிறகு பேச்சு நொடியில் வருகிறது. சரக்கு மட்டும் பழைய கதைதான்.

தங்கள் கட்டுரை முக்கால் பங்கு ஐரோப்பாவிலேயே நின்றுவிட்டது. ஏரியன் ராக்கெட்டின் பாகங்களைப் பிரெஞ்சு கயானாவுக்குச் சுமந்து செல்லும் 121 மீட்டர் கப்பலான கனோப்பே, ஒயினை நியூயார்க்குக்குக் கொண்டுபோன பிரெஞ்சுப் பாய்க்கப்பல் எல்லாம் வியப்புதான். ஆனால் கூடுதல் விலை கொடுத்து ஒயின் குடிப்பவருக்குக் காற்று ஒரு பெருமை, அவ்வளவே. பசிபிக் கடலில் உள்ள மார்ஷல் தீவுகளின் 'ஜுரென் ஆயே' கப்பலுக்கு நீங்கள் ஒதுக்கியது நான்கு வரி. நான் இரண்டு முறை படித்தது அந்த நான்கு வரிகளைத்தான். ஜெர்மனியின் உதவியோடு கொரியாவில் கட்டப்பட்டு 2024இல் தீவுகளுக்கு வந்த அது 48 மீட்டர் நீளம். 300 டன் சரக்கு ஏற்றும். பாயும் உண்டு, என்ஜினும் உண்டு.

சில ஆயிரம் பேர் வாழும் தீவுக்கு அந்த அளவுதான் பொருந்தும். பெரிய கப்பல் பாதி காலியாகப் போனாலும் டீசல் செலவு பெரிதாகக் குறையாது. அதனால் சரக்குச் சேரட்டும் என்று காத்திருப்பார்கள். இதில் இன்னொரு கூத்து, தீவில் விளக்கெரிவதும் பெரும்பாலும் டீசலில்தான். டீசலைக் கொண்டுபோகவே டீசலை எரிக்கிறோம். அரிசிக்கும் பருப்புக்கும் வேகம் எதற்கு? இரண்டு நாள் கூடுதலாகட்டும், சொன்ன நாளில் வந்தால் போதும்.

பாயை மட்டும் நம்பச் சொல்லவில்லை. பருவக்காற்று திரும்பும் சித்திரை மாதத்தில் அந்தக் கடலில் காற்று ஓய்ந்துவிடும் என்று அண்ணனே சொல்கிறார். அப்போது என்ஜின் ஓடட்டும். தென்மேற்கும் வடகிழக்கும் வீசும் மாதங்களில் சும்மா கிடைக்கும் காற்றை ஏன் விட வேண்டும்?

இது நமக்குப் புதிதும் அல்ல. தூத்துக்குடித் தோணிகள் பாயை மட்டுமே விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்தது வெகு காலத்துக்கு முன்பல்ல. நிக்கோபாரிலேயே சௌரா தீவினர் பக்கத்துத் தெரெசா தீவிலிருந்து களிமண் கொண்டுவந்து பானை வனைந்து, பாய் கட்டிய ஓடங்களில் மற்ற தீவுகளுக்குக் கொண்டுபோய்ப் பண்டம் மாற்றியவர்கள். இன்று அதே பெரிய நிக்கோபாரில், கலத்தியா விரிகுடாவில் உலகச் சரக்கெல்லாம் கைமாறுகிற பெட்டகத் துறைமுகம் கட்டத் திட்டமிருக்கிறது. அதில் வெங்காய மூட்டைக்கு இடம் உண்டா என்று எவரும் சொல்லக் காணோம்.

சென்னையிலிருந்து தீவுகளுக்கு 300 டன் பாய்க்கப்பல் ஒன்றை மத்திய அரசு வெள்ளோட்டம் விட்டுப் பார்க்கலாம். திரும்பும்போது கொப்பரையும் கொட்டைப்பாக்கும் ஏற்றி வரட்டும். கட்டும் வேலையில் தோணிக்காரர்களைக் கலந்துகொள்ள வேண்டும். பாய் விரித்து ஓட்டிய தண்டல்களுக்கு, அதாவது தோணித் தலைவர்களுக்கு, வயதாகிவிட்டது.

தங்கள் செய்தியாளர் ஒருவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பி அவர்களிடம் பேசச் சொல்லுங்கள். ஆடியில் போவது நல்லது. தோணிகள் கரையில் நிற்கும். ஆட்களும் வீட்டில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
கணியம்பாடி, வேலூர் மாவட்டம்.