என் மனைவியின் நிறத்தில் கைவைத்தது குறித்து

அனுப்புநர்
செப்டம்பர் 8 காலை ஜோடி ஷூட் வாடிக்கையாளர்,
சைதாப்பேட்டை, சென்னை.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
ஜோடி ஷூட் பரிசு வவுச்சர் பிரிவு.

நாள்: 18.11.2024

பொருள்: 25ஆம் திருமண நாள் பரிசாக எடுத்த படங்களில் நிறத்தை மாற்றியது, மூலப் படங்களைத் தர மறுத்தது, எங்களைக் கேட்காமல் விளம்பரத்தில் போட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் அலுவலகத்துக்கு இதுவரை ஏழு முறை போன் செய்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு ஒரு தம்பியோ பாப்பாவோ எடுத்தார்கள். எல்லோருமே மரியாதையாகத்தான் பேசினார்கள். "செக் பண்ணிட்டுக் கூப்பிடுறோம் சார்" என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. அதனால் எழுத்தில் தருகிறேன்.

எங்களுக்குக் கல்யாணம் ஆனது 1999 ஆவணியில். என் மனைவி நல்ல கறுப்பு. கல்யாணத்தன்று அலங்காரம் செய்ய வந்த அம்மா முகத்துக்கும் கழுத்துக்கும் மாவு அப்பின மாதிரி பவுடர் போட்டுவிட்டார். போட்டோ எடுத்தவர் தன் பங்குக்கு ஃபிளாஷைக் கூட்டி அடித்தார். ஆல்பத்தில் முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். அவள் அந்த ஆல்பத்தைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி அடையாறு பெருகி எங்கள் தரைத்தள வீட்டுக்குள் வந்தபோது பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பமும் போனது. தண்ணீர் வடிந்தபின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பலகையாகக் கிடந்தது. நான் வெயிலில் காயவைத்துப் பிரிக்கப் பார்த்தேன். "விடுங்க, அதுல இருந்தது நான் இல்ல" என்றாள். அன்றைக்கு அதை நான் காதில் வாங்கவில்லை. பிறகுதான் புரிந்தது.

அதற்குத்தான் இந்தப் பரிசு. 25 வருடம் முடிகிற நாளில், இருவரையும் சேர்த்துப் படம் எடுக்கும் உங்கள் ஜோடி ஷூட் வவுச்சரை ஒரு கவரில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். "இந்த வயசுல என்னங்க இதெல்லாம்" என்று உள்ளே போனவள், பத்து நிமிஷம் கழித்து வந்து எந்தப் புடவை கட்டுவது என்று கேட்டாள். வவுச்சர் 24,000 ரூபாய், வரி 18 சதவீதம் சேர்த்து 28,320 ரூபாய். வரியை வாங்கிக்கொண்டீர்கள். வரி எண் போட்ட பில் இன்று வரை வரவில்லை, வாட்ஸ்அப்பில் "பேமென்ட் ரிசீவ்டு" என்று ஒரு வரிதான் வந்தது. அதையும் இந்தக் கடிதத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டிய அன்றே, ஆகஸ்ட் 19 மாலை, உங்கள் எண்ணுக்கு நான் எழுதியது அப்படியே இது: "மேக்கப் வேண்டாம். எடிட்டிங்கில் நிறத்தைத் தொட வேண்டாம். அவள் எப்படி இருக்கிறாளோ அப்படியே வர வேண்டும்." கீழே உங்கள் ஆள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். இரண்டு நீல டிக்கும் இருக்கிறது.

ஷூட் அன்று நடந்தவற்றில் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். மாமல்லபுரத்துக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். கடற்கரைக் கோயில் கிழக்கே பார்த்தது, வெளிச்சம் காலையில்தான் முகப்பில் விழும் என்று விடியற்காலையை வைத்தது சரியான யோசனை. கோயில் வளாகத்துக்குள் ஸ்டாண்டு வைக்கத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும் என்று காவலர் தடுத்தபோதுதான், அனுமதி எதுவும் வாங்காமலே வந்திருப்பது தெரிந்தது. வாங்கிவிட்டோம் என்று உங்கள் அலுவலகம் என்னிடம் சொல்லியிருந்தது. போகட்டும், கேமராவைக் கையில் பிடித்தே எடுத்தார்கள். கூட வந்த பெண் மட்டும் பவுடர் டப்பாவைத் திறந்துகொண்டு "ஆன்ட்டி, ரெண்டு ஷேடு ஏத்திக்கலாமா?" என்று கேட்டது. வேண்டாம்மா என்றேன். மூடிவைத்துவிட்டது. படம் எடுத்த தம்பி நல்ல பையன். அவன் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

21 நாளில் தருவதாகச் சொன்ன படங்கள் 32ஆம் நாள் வந்தன. இருபது படம். போனைக் கையில் வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள் என் மனைவி. கடைசியில், "புடவை நல்லா வந்திருக்கு" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஐயா, புடவையும் நல்லா வரவில்லை. நான் 27 வருடம் ஆஃப்செட் அச்சகத்தில் கலர் பார்த்தவன். அவள் கட்டியிருந்தது அரக்கு. உங்கள் படத்தில் அது ரோஸ். ஏன் அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அச்சு மையில் பார்த்தால், தோல் நிறத்தில் எல்லோருக்கும் மெஜந்தாவும் மஞ்சளும்தான் அடிப்படை. அதில் சையான் என்கிற நீல மையும் கறுப்பும் எவ்வளவு சேர்கிறது என்பதில்தான் ஒருவர் சிவப்பு, ஒருவர் மாநிறம், ஒருவர் கறுப்பு. முகத்திலிருந்து அந்த இரண்டையும் உருவினீர்கள். சரி, முகத்தை மட்டும் தனியாகப் பிரித்துச் செய்தீர்களா என்றால் அதற்கும் பொறுமை இல்லை. முழுப் படத்தையும் சேர்த்து வெளுத்துவிட்டீர்கள். அரக்கு ரோஸானது அதனால். 1300 வருட உப்புக் காற்றில் கறுத்த கோயில் கல், சுண்ணாம்பு அடித்த மண்டபச் சுவர் மாதிரி நிற்பதும் அதனால். நான் மாநிறம். உங்கள் படத்தில் காய்ச்சல் வந்து எழுந்தவன் போல இருக்கிறேன்.

அவள் இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு. வெள்ளத்தன்று என் அம்மாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது இரும்புக் கேட்டில் இடித்துக்கொண்டது. மூன்று தையல். அதையும் காணோம்.

இதைப் போனில் சொன்னபோது உங்கள் எடிட்டிங் ஆள், "எல்லா கஸ்டமருக்கும் பண்றதுதான் சார், யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணதில்ல" என்றார். ஃபிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி கலர் சரிபார்க்க லேபுகளுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் போட்ட அட்டையை அனுப்பும். ஷெர்லி கார்டு என்பார்கள். அவள் முகம் சரியாக வந்தால் மெஷின் சரி என்று அர்த்தம். எங்கள் கல்யாணப் போட்டோக்காரருக்காவது ஃபிலிம் மேல், லேப் மேல் பழி போட வழி இருந்தது. உங்களுக்கு என்ன இருக்கிறது? உங்கள் கேமரா அவள் நிறத்தைச் சரியாகத்தான் பிடித்தது. ஒருவர் உட்கார்ந்து, வேலை மெனக்கெட்டு, அதை அழித்திருக்கிறார்.

சரி, மூலப் படங்களையாவது தாருங்கள், கேமராவில் பதிந்த ரா ஃபைலாகவே கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்டோபர் 14 அன்று கேட்டேன். "டெலிவரி முடிஞ்சதும் ஒரிஜினல் எல்லாம் டெலிட் பண்ணிடுவோம் சார், ஸ்டோரேஜ் பிரச்சினை" என்று பதில் வந்தது. நம்பினேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் விட்டுவிட்டேன்.

நவம்பர் 3 அன்று என் தம்பி மகள் ஒரு ரீல் அனுப்பினாள். உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வந்தது. "எங்கள் எடிட்டிங் மேஜிக்" என்று தலைப்பு. திரை நடுவில் ஒரு கோடு, இந்தப் பக்கம் "முன்", அந்தப் பக்கம் "பின்". இரண்டு பக்கமும் என் மனைவி. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழே யாரோ ஃபேர்னஸ் கிரீமின் பெயர் எழுதிச் சிரித்திருக்கிறார்கள். அதற்கு உங்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புப் பொம்மை பதிலாகப் போயிருக்கிறது.

கோபத்தில் அன்றைக்கே நேரில் வந்திருப்பேன். வராமல் இருந்ததற்குக் காரணம் அந்த "முன்" படம். கோயிலைப் பார்க்காமல் பக்கத்தில் எதையோ பார்த்துச் சிரிக்கிறாள். காற்றில் முடி கலைந்திருக்கிறது, வெயில் கன்னத்தில் விழுந்து அந்தக் கறுப்பு பளபளவென்று இருக்கிறது. தழும்பும் தெரிகிறது. புடவை அரக்கு. அவளே ரீலை மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். கீழே இருந்த சிரிப்பையெல்லாம் அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. "இத ஏங்க நமக்கு அனுப்பல?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் கேட்கிறேன்.

ஆக, டெலிட் ஆகவில்லை. நான் கேட்டபோது ஆகிவிட்டதாகச் சொன்ன ஃபைல், விளம்பரத்துக்கு மட்டும் உயிரோடு வந்திருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். நான் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை. பில் தராததும், நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தை வெளியே விடுவதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே இருக்கிறது. வக்கீலை வைத்துப் பேசுகிற ஆள் இல்லை நான். ஆனாலும் 5 லட்சம் வரையிலான தொகைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார்க் கட்டணமே கிடையாது என்பதை விசாரித்து வைத்திருக்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. முதலில் அந்த ரீலை இன்றே எடுத்துவிடுங்கள். அன்று காலை எடுத்த எல்லாப் படங்களின் ரா ஃபைல்களையும் தாருங்கள், நீங்கள் பொறுக்கிய இருபது மட்டும் போதாது. பிரேம் போட்டு அனுப்பிய பெரிய படத்தை உங்கள் ஆள் வரும்போது திரும்ப எடுத்துப் போகட்டும், அது வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பில் ஒன்று வேண்டும். ரீலுக்காக என் மனைவியிடம் ஒரு மன்னிப்பு, போனில் அல்ல, எழுத்தில். டிசம்பர் 3க்குள் இவை நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்துவிட்டு ஆணையத்துக்குப் போவேன். வாட்ஸ்அப் உரையாடல், ரீல் இரண்டையும் சேமித்து வைத்திருக்கிறேன்.

ஃபைல்களை லிங்க்காக அனுப்ப வேண்டாம், பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள். பென்டிரைவுக்கு ஆகிற காசைத் தந்துவிடுகிறேன். பிரிண்ட் நானே போட்டுக்கொள்கிறேன். பழைய அச்சகத்தில் இன்னும் எனக்கு மெஷின் கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஆகஸ்ட் 19 வாட்ஸ்அப் செய்தியின் நகல், பணம் கட்டிய விவரம், ரீலின் ஸ்கிரீன்ஷாட்.